சிவப்பு சோப்பும் 14 ஊசியும்

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க மணியைக் குளிப்பாட்டிக்கொண்டு இருந்தேன். நாலு நாள் மழை விட்டு அன்னைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்தது. தேயிலைக்குள்ள புகுந்து ஓடிட்டு, விரல் இடுக்கில் ரெண்டு அட்டை, காதுக்குப் பின்னாடி உண்ணி, வயிறெல்லாம் சேறுன்னு வந்து நின்னான். கோயமுத்தூரிலிருந்து என் மகளோடு வந்திருந்த அவ சிநேகிதி படியில உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"கிராமத்துல யாரும் நாயைக் குளிப்பாட்ட மாட்டாங்கன்னு நெனச்சேன் அங்கிள். நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எங்க அப்பாருகிட்டம்மா."

"அவருக்கு நாய்னா அவ்வளவு பிரியமா?"

"பிரியமான்னு தெரியலை. அவருக்கு அது வேலை."

அந்தப் பொண்ணுக்கு அன்னைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுறேன். நாயைக் குளிப்பாட்டுறதுக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. எங்க மலையில சம்பந்தம் இருக்கு.

அப்பாருன்னா எங்க பக்கம் அப்பாவோட அப்பா. காரமடைப் பக்கத்திலிருந்து சின்ன வயசுலேயே மலை ஏறி வந்தவர். கோத்தகிரிக்குப் பக்கத்துல ஒரு எஸ்டேட் பங்களாவில் பத்து வயசுல வேலைக்குச் சேர்ந்தார். வேலைக்குப் பேரு 'டாக் பாய்'. துரை வீட்டு நாய்களுக்குச் சோறு வைக்கணும், நடக்கக் கூட்டிக்கொண்டு போகணும், சீவி விடணும், வாரத்துக்கு ஒருக்கா குளிப்பாட்டணும். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, முப்பது வயசு தாண்டியும் அவர் 'பாய்'தான்.

இது எங்க அப்பாருக்கு மட்டும் வாய்த்த வேலை இல்லை. வெள்ளைக்காரன் இருந்த இடத்திலெல்லாம் இப்படி ஒருத்தர் இருந்திருக்கார். பம்பாய்ப் பக்கம் சர்க்கார் உத்தியோகம் பார்த்த எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கென் என்பவர், பங்களா வேலைக்காரர்களைப் பற்றி 1889-ல் 'பிஹைண்ட் தி பங்களா' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கார். சமையல்காரர், குதிரைக்காரர் மாதிரி டாக் பாய்க்கும் அதில் தனி அத்தியாயம். எழுதினவர் தமாஷாத்தான் எழுதினார். அந்தப் பையனே எழுதியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தோணும்.

பங்களா வாழ்க்கை நீலகிரியில் தொடங்கினதே எங்க கோத்தகிரிப் பக்கம்தான். கோயமுத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறி வந்தார். அவர் கட்டின பங்களா கன்னேரிமுக்கில் இன்னைக்கும் இருக்கு. அதுக்கப்புறம் ஊட்டி, குன்னூர், வெலிங்டன்னு பங்களாக்கள் பெருகிச்சு. பங்களா வந்தா நாயும் வரும். கீழே சமவெளி வெயிலில் நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்த சீமை நாய்கள், இங்க வந்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி துள்ளிச்சாம். ஊட்டியில் வேட்டைக்குன்னே கூட்டம் கூட்டமா நாய் வளர்த்தாங்க. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே 'ஊட்டி ஹண்ட்' நடந்துகொண்டு இருந்தது. இங்கிலாந்தில் நரியை விரட்டுவாங்க; இங்க குள்ளநரி. அந்தப் புல்வெளிதான் பின்னாடி மெட்ராஸ் கவர்னர் பேரில் வென்லாக் டவுன்ஸ் ஆச்சு. இப்பவும் மே மாசம் ஊட்டிக்கு வர்றவங்க நாய்க் கண்காட்சி பார்த்திருப்பீங்க. அந்தப் பங்களாக் காலத்து வாசனை அதில் கொஞ்சம் இருக்கும்.

சரி, குளிக்க வைக்கிற கதைக்கு வர்றேன்.

அப்பாரு வேலையை விட்ட பிறகும் அந்த முறையை வாயால சொல்லிக்கொண்டே இருப்பார். சனிக்கிழமை வெயில் ஏறினதும் விறகடுப்பில் தண்ணி காய்ச்சணும். முழங்கையை விட்டுப் பார்க்கணும். நமக்கு வெதுவெதுன்னு இருந்தா நாய்க்குச் சரி. தண்ணி படுறதுக்கு முன்னாடியே சீவிடணும். சிக்கு விழுந்த முடி நனைஞ்சா இறுகிப்போகும், அப்புறம் கத்தரிக்கோல்தான். காதுல பஞ்சு. முதல்ல கழுத்தைச் சுத்தி ஒரு பட்டை மாதிரி சோப்பு நுரை போடணும். இல்லைன்னா உடம்பு நனைஞ்சதும் தெள்ளுப்பூச்சியெல்லாம் மூஞ்சிக்கு ஏறிடும். அப்புறம் முதுகு, வயிறு, கால். தலை கடைசி. தலையில தண்ணி பட்ட நிமிஷம் நாய் உதறும். முதல்லயே தலையை நனைச்சா குளிக்கிறது நாய் இல்லை, நாமதான். கடைசியா கோணிச்சாக்கால துவட்டி, ஈரம் போற வரைக்கும் அடுப்புப் பக்கத்துல உட்கார வைக்கணும். நீலகிரிக் குளிர்ல ஈரத்தோட விட்டா மறுநாள் மூக்கு ஒழுகும்.

பெரிய தகரத் தொட்டி. சிவப்பா, கார வாசனையோட ஒரு சோப்பு. கார்பாலிக் சோப்பு. 1894-ல் இங்கிலாந்தில் வந்த லைஃப்பாய் அந்த ஜாதிதான்.

துரை வீட்டு நாய் வெந்நீரில் குளிச்சது. அந்த வெந்நீரைக் காய்ச்சினவரோட பிள்ளைங்க லைன் வீட்டு வாசல்ல பொதுக் குழாயில, டிசம்பர் மாச உறைபனியில குளிச்சாங்க. அப்பத்தா இதைக் கோபமாச் சொல்ல மாட்டாங்க. அடுப்பை ஊதிக்கொண்டே சொல்லுவாங்க. அதனாலேயே எனக்கு மறக்கலை.

இதுல ஒரு விசேஷம். துரை வீட்டு நாயை அவ்வளவு பக்குவமாக் குளிப்பாட்டின கை, லைனில் திரிஞ்ச நாயைத் தொட்டதே இல்லை. லைன் நாய்க்கு மிச்சச் சோறு உண்டு. ராத்திரி காவல் காக்கும். பக்கத்துல வந்தா கல் எடுப்பாங்க. எங்க வீட்டில் மட்டும் இல்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

தமிழனுக்கு நாய் மேல மரியாதை இல்லைன்னு இதை வெச்சுச் சொல்லிட முடியாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு. கருந்தேவக்கத்தி என்கிற வீரனோட பக்கத்துல அவனோட நாயையும் செதுக்கி, அதோட பேரு கோவிவன், அது திருடர்களைக் கடிச்சுக் காவல் நின்னதுன்னு கல்வெட்டா எழுதியிருக்காங்க. 1400 வருஷத்துக்கு முன்னாடி நாய்க்குப் பேரு போட்டுக் கல் நட்ட ஊர் இது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு நம்ம நாய்கள் நாலு திசையிலும் பேர் வாங்கினது. 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வந்தது.

அப்படின்னா லைன் நாயை ஏன் தொடலை? பயம். வெறிநாய்க்கடி பயம்.

எங்க அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தாங்க. எனக்கு அத்தை. நான் பார்த்தது இல்லை. 1943 வாக்கில், அவங்களுக்குப் பதினொரு வயசு இருக்கும்போது, தண்ணிக் குழாய்க்கிட்ட ஒரு நாய் கணுக்காலில் கடிச்சிட்டு ஓடிப்போச்சு. சின்னக் காயம். ரெண்டு பல் பட்ட தடம். யாரோ சுண்ணாம்பு வைக்கச் சொன்னாங்க, வெச்சாங்க. மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. புண்ணு ஆறிப்போச்சு. அத்தை வழக்கம் போல விறகு பொறுக்கப் போனாங்க. ஆறு வாரம் கழிச்சு ஒரு காலையில தண்ணிச் சொம்பைக் கையில எடுத்தவங்க, குடிக்க முடியாம நடுங்கிக் கீழே போட்டாங்க. நாலு நாள். அவ்வளவுதான்.

அத்தை போன வாரமும் சனிக்கிழமை வந்தது. அப்பாரு பங்களாவுக்குப் போய்த் தண்ணி காய்ச்சினார்.

இப்போ ஒரு விஷயம் சொல்றேன். அதை நான் தெரிஞ்சுக்கிட்டது நாப்பது வயசுக்கு மேல. எங்க லைனிலிருந்து 20 கிலோமீட்டர்ல குன்னூர். குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்துல பாஸ்டியர் இன்ஸ்டிடியூட். அத்தையை நாய் கடிச்ச அன்னைக்கு அந்த இன்ஸ்டிடியூட் திறந்து 36 வருஷம் ஆகியிருந்தது.

அது வந்த கதை இது. பிரான்ஸில் லூயி பாஸ்டியர், 1885 ஜூலை 6-ந் தேதி, வெறிநாய் கடிச்ச ஜோசப் மெய்ஸ்டர் என்கிற ஒன்பது வயசுப் பையனுக்கு முதல் முறையா ஊசி போட்டுக் காப்பாத்தினார். இந்தியாவில் முதல் பாஸ்டியர் நிலையம் 1900-ல் கசௌலியில் வந்தது. கசௌலி எங்க இருக்கு? சிம்லா பக்கம். மதுரையிலோ மங்களூரிலோ நாய் கடிச்சவன் அங்க போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 1902-ல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்கிற இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடி நோயில் இறந்துபோனாங்க. தெற்கில் வைத்தியத்துக்கு வழி இல்லைங்கிற பேச்சு அப்போதான் பெரிசாச்சு. அமெரிக்க இரும்பு வியாபாரி ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராய் கர்சன்கிட்ட நல்ல காரியத்துக்குன்னு கொடுத்திருந்த பணத்திலிருந்து ஒரு லட்ச ரூபாய் இதுக்கு ஒதுக்கினாங்க. அதே ஃபிப்ஸ் பணத்தில்தான் பீகாரில் பூசா விவசாய ஆராய்ச்சி நிலையமும் வந்தது. அதனால விவசாயிக்கும் நாய் கடிச்சவனுக்கும் ஒரே புண்ணியவான்.

1907 ஏப்ரல் 6-ந் தேதி 'தென்னிந்திய பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்' குன்னூரில் வேலையை ஆரம்பிச்சது. மேட்டுப்பாளையத்திலிருந்து வர்ற மலை ரயில் அப்போ குன்னூரோடு நின்னுடும். ஊட்டிக்கு நீண்டது மறுவருஷம்தான். கடி வாங்கினவங்களுக்கு நேரா வாசல் வரைக்கும் வண்டி வந்த மாதிரி.

ஊசி மருந்து எப்படிச் செஞ்சாங்க தெரியுமா? கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள் என்கிற டாக்டர் 1911-ல் ஒரு முறை கண்டுபிடிச்சார். நோய்க்கிருமியை ஏத்தின ஆட்டு மூளையை அரைச்சு, ஃபீனால் சேர்த்துக் கிருமியைச் சாகடிச்சு, அதை ஊசியாப் போடுறது. ஃபீனாலுக்கு இன்னொரு பேரு கார்பாலிக் அமிலம். அப்பாரு தொட்டியில நுரை வந்த சிவப்பு சோப்பில் இருந்த அதே சரக்கு.

இதைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வெச்சிட்டேன். ஏன்னா இன்னைக்கு எந்த டாக்டர்கிட்ட போனாலும் நாய்க்கடிக்கு முதல் வைத்தியம்னு சொல்றது ஒண்ணுதான்: ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. ரேபிஸ் கிருமிக்கு மேல கொழுப்பால ஆன ஒரு உறை இருக்கு. சோப்பு அதைக் கரைச்சுடும். கழுவினா மட்டும் போதாது, ஊசியும் போடணும். ஆனா கழுவுறதுதான் முதல். நாய் கடிச்ச அன்னைக்கு எங்க அப்பாரு கையில சோப்பு இருந்தது. அவர் அதை வெச்சு வேற ஒரு நாயைக் குளிப்பாட்டிக்கொண்டு இருந்தார். வீட்டில் மகள் காலில் சுண்ணாம்பு.

யாரைக் குத்தம் சொல்ல? ஒருநாள் வேலைக்குப் போகலைன்னா ஒருநாள் கூலி போச்சு. 20 கிலோமீட்டர் தூரத்தில் ஊசி இருக்குன்னு லைனில் யாரும் வந்து சொல்லலை. ஒரு லில்லி இறந்ததுக்கு ஒரு ஆஸ்பத்திரி வந்தது. நல்லது, வந்ததால எத்தனையோ லட்சம் பேர் பிழைச்சாங்க. எங்க அத்தை இறந்தது எந்தக் கணக்கிலும் இல்லை. ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்லை. அதனாலதான் இங்கே எழுதி வைக்கிறேன்.

1979-ல் என்னை ஒரு நாய் கடிச்சது. எனக்கும் ஒன்பது வயசு, அந்த மெய்ஸ்டர் பையன் வயசு. கடிச்ச நாய் காணாமப் போயிடுச்சு. அப்பத்தா ஒரு வார்த்தை பேசலை. குழாயைத் திறந்து, துணி சோப்பை எடுத்து, நான் கத்தக் கத்தக் காலைத் தேய்ச்சுக் கழுவினாங்க. அப்புறம் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாங்க. தொப்புளைச் சுத்தி 14 ஊசி, தினம் ஒண்ணு. ஆறாவது நாளே வயிறு கல்லு மாதிரி ஆயிடும். "போதும் அப்பத்தா"ன்னு அழுதேன். "எனக்கு ஒண்ணு போனது போதும்"னாங்க. அத்தை கதை எனக்கு முதல்ல தெரிய வந்தது அந்த பஸ்ஸிலதான்.

அந்த ஆட்டு மூளை மருந்தால சில பேருக்குக் கை கால் விழுந்ததும் உண்டு. இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004-ஓடு நின்னுபோச்சு. இப்போ கையில போடுற ஊசிதான், நாலு அஞ்சு தடவையில முடிஞ்சுடும். வயித்துல ஊசின்னு பயந்துக்கிட்டு இன்னும் சில பேர் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்காங்க. அந்தக் காலம் போயாச்சுன்னு தெரிஞ்சவங்ககிட்டச் சொல்லுங்க.

அதைவிடப் பெரிய மாத்தம் நாய்க்கே ஊசி போட ஆரம்பிச்சதுதான். மனுசனுக்கு வர்ற ரேபிஸில் நூத்துக்கு 99 நாயால வர்றதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரு ஊரில் நூத்துக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டா நோய் பரவ வழியில்லாம நின்னுடும். முன்னெல்லாம் நாய் பெருகினா விஷம் வைக்கிறது, அடிச்சுக் கொல்றதுதான். 2001-ல் மத்திய அரசு விதி வந்த பிறகு, பிடிச்சுக் கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச இடத்துலேயே விடணும். இப்போ எங்க மலையில வலையோட ஜீப்பில் வந்து தெரு நாய்க்கெல்லாம் ஊசி போட்டுட்டுப் போறாங்க. ஊட்டியில் இதுக்குன்னு கால்நடை டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேர்ல்ட்வைட் வெட்டர்னரி சர்வீஸ் மையமே இருக்கு.

அந்த ஊசிக்கு அப்புறம்தான் எங்க கை நாய் மேல பட்டது. நான் என் சொந்த நாயை முதல் முறையா வெறுங்கையால சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினப்போ எனக்கு வயசு முப்பத்தஞ்சு. பார்த்துக்கொண்டு இருந்த அப்பா எழுந்து உள்ளே போயிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கோணிச்சாக்கைக் கொண்டு வந்து போட்டார். "அப்பாரு இதாலதான் துவட்டுவாரு"ன்னார்.

இன்னொரு காரணமும் இருக்கு. சிறுத்தை. எங்க பக்கம் ராத்திரியில் நாயைக் கட்டிப்போட்டா காலையில சங்கிலி மட்டும்தான் இருக்கும். எனக்கே ரெண்டு நாய் அப்படிப் போச்சு. அதனால மணி வீட்டுக்குள்ளதான் படுக்கிறான். வீட்டுக்குள்ள படுக்கிறவன் குளிச்சுத்தானே ஆகணும்?

டவுனில் இருக்கிறவங்களுக்காக நாலு வார்த்தை. அப்பாரு சொன்ன வரிசை இன்னைக்கும் சரி: முதல்ல சீவல், கழுத்து நுரை, தலை கடைசி. ஆனா அவர் சோப்பு வேண்டாம். கார்பாலிக், பினாயில் எதுவும் நாய்த் தோலுக்கு ஆகாது. நம்ம குளியல் சோப்பும் தோலை வறட்டிடும். நாய் ஷாம்புன்னு கேட்டு வாங்குங்க. ஊட்டியில வாங்கிட்டுப் போற யூகலிப்டஸ் தைலத்தை உண்ணிக்குத் தடவாதீங்க. நக்கினா அதுக்கு விஷம். சொறிக்கு வேஸ்ட் ஆயில் பூசுறதும் அப்படித்தான். உண்ணியைச் சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுத்து, சோப்புத் தண்ணியில போடுங்க. மாசத்துக்கு ஒரு குளியல் போதும். சேறு பூசிட்டு வந்தா அது தனிக் கணக்கு. குட்டியா இருந்தா மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி, அப்புறம் வருஷா வருஷம். குளிப்பாட்டும்போது பல்லோ நகமோ பட்டுடுச்சுன்னா, வீட்டு நாய்தானேன்னு விடாம, அந்தத் தண்ணியிலேயே சோப்புப் போட்டுக் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க.

ஞாயித்துக்கிழமை மணியோட தலைக்குத் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணைத் தள்ளி நிக்கச் சொன்னேன். அவ நிக்கலை. மணி ஒரு உதறு உதறினான், அவளோட சுடிதாரெல்லாம் சேறு. சிரிச்சுக்கொண்டே சாக்கை வாங்கி அவளே துவட்டினாள்.

மணிக்கு அடுத்த ஊசி வர்ற மாசம் 12-ந் தேதி. காலண்டரில் வட்டம் போட்டு வெச்சிருக்கேன்.